2:14-இல் கதவு திறக்கிறது

பழைய போனைத் தூக்கிப் போடுவதற்கு முன் உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று துழாவினேன். ஒரு குறிப்பு அகப்பட்டது. தலைப்பு ‘பாட்டு – ரொம்ப முக்கியம்’. உள்ளே இருந்தவற்றில் சில வரிகளை அப்படியே தருகிறேன்.

‘பேஸ் தன்பாட்டுக்கு நடந்து போகிறது. மற்ற எல்லாரும் அதன் தோளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.’

‘இந்த ஆள் பாடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.’

‘எல்லாமே ஒரே சுருதி!!!’

‘2:14-இல் கதவு திறக்கிறது. மறக்காதே.’

எந்தப் பாட்டின் 2:14 என்று எழுதி வைக்கவில்லை. இதைப் போய் யாராவது மறப்பார்களா என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்கும். சுத்தமாக மறந்துவிட்டேன்.

சுமார் ஆறு வருடம் கஞ்சா இழுத்தேன். நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும் புகையும் ஹெட்போனும் ஒன்றை விட்டு ஒன்று இருந்ததில்லை. இது மன்னிப்புக் கேட்கும் கட்டுரை இல்லை, ‘ஒரு தடவை அடித்துப் பாருங்கள்’ கட்டுரையும் இல்லை. பல நாடுகளில் அது குற்றம். மூளை வளர்ந்து முடியாத வயதில் எங்கே இழுத்தாலும் கெடுதல். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் காதுக்குப் போகிறேன், ஏனென்றால் எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது காது சம்பந்தப்பட்ட கேள்விதான். அந்த இரவுகளில் நான் கேட்டது நிஜமாகவே பாட்டில் இருந்ததா?

முதல் தடவை எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் அப்படித்தான். தொண்டை எரிந்தது, இருமினேன், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ஏறலையே மச்சான்’ என்று நண்பனிடம் சொன்னபோது அவன், ‘அதைத் தேடாத. பாட்டைக் கேளு’ என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினான். பாட்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், டிரம்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹேட்டின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாக, இடைவெளி விட்டு, எனக்கென்றே விழுவதுபோல விழுந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். ஏறியிருக்கிறது என்பதை எனக்குச் சொன்னது பாட்டுதான்.

சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் இதைத்தான் 1953-இல் எழுதினார் என்று பிற்பாடு படித்தேன். அவர் சிகாகோவில் ஜாஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர், ஆகவே மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர். கஞ்சாவின் இன்பம் தானாக வருவதில்லை, கற்றுக்கொள்ள வேண்டியது என்பது அவர் வாதம். முதலில் இழுக்கக் கற்க வேண்டும், பிறகு உடம்பில் ஏற்படும் மாற்றத்தை அடையாளம் காணக் கற்க வேண்டும், அதன் பிறகு அந்த மாற்றம் சுகமானது என்று முடிவு செய்யவும் கற்க வேண்டும். மூன்றையும் கூட இருப்பவர்கள்தான் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அந்த நண்பன் பாதி சொல்லித்தந்தான், மீதியைப் பாட்டு சொல்லித்தந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘கஞ்சா அடித்தால் பாட்டு நன்றாகக் கேட்கும்’ என்ற எதிர்பார்ப்போடுதான் எல்லாரும் உட்காருகிறோம். அந்த எதிர்பார்ப்புக்கும் அனுபவத்தில் ஒரு பங்கு இருக்கிறது. எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரை இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

சிறு வயதிலிருந்து நூறு தடவையாவது கேட்ட இளையராஜா பாட்டு ஒன்று. அதன் மெட்டு, வரி, இடையிசை எல்லாம் மனப்பாடம். ஓர் இரவு அதைப் போட்டபோது குரலைக் காணோம். அதாவது குரல் இருந்தது, ஆனால் என் கவனம் அதில் நிற்கவில்லை, வழுக்கிக் கீழே போய், அடியில் தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரில் உட்கார்ந்துகொண்டது. அந்த பேஸ் குரலுக்குத் தாளம் போடவில்லை, அது வேறொரு பாட்டையே பாடிக்கொண்டிருந்தது. குரல் ஏறும்போது அது இறங்கியது, குரல் நிற்கும் இடத்தில் அது ஒரு கேள்வி கேட்டது. இத்தனை வருடம் இது எங்கே இருந்தது என்று நிஜமாகவே கண் கலங்கினேன். திரும்பப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். அடுத்த நாள் தெளிவாக இருக்கும்போதும் போட்டேன். பேஸ் அங்கேதான் இருந்தது. அதன் பிறகு அந்தப் பாட்டை பேஸ் இல்லாமல் கேட்க என்னால் முடிந்ததில்லை.

ஆக, கேட்டது நிஜம். ஆனால் அதைக் கேட்கக் கஞ்சா வேண்டுமா என்பது வேறு கதை. வானியலாளர் கார்ல் சேகன் 1969-இல் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்ற புனைபெயரில் தன் கஞ்சா அனுபவங்களை எழுதினார். அது 1971-இல் மனநல மருத்துவர் லெஸ்டர் கிரின்ஸ்பூனின் நூல் ஒன்றில் வெளிவந்தது. எழுதியது சேகன்தான் என்ற விஷயம் அவர் இறந்து சில வருடங்கள் கழித்து, 1999-இல்தான் வெளியே தெரிந்தது. அதில் இசையைப் பற்றியும் சொல்கிறார்: மூன்று குரல்கள் இணைந்து வரும் இசையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடர வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னால் முடிந்தது என்கிறார். உடனே அடுத்த வரியில் நேர்மையாக ஒன்றையும் சேர்க்கிறார். தொழில்முறை இசைக்கலைஞர்கள் இதைச் சர்வ சாதாரணமாகச் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டாராம். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் பிடிக்கும். எங்களுக்குப் புகை போட்டால் மட்டும் தெரிகிற காட்சி, இசை படித்தவனுக்குப் பட்டப்பகலில் தெரிகிறது.

காது கூர்மையாகிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சீஷோர் தேர்வு என்று ஒன்று உண்டு. சுருதி வேறுபாடு, தாளம், ஒலியின் அளவு, ஸ்வரங்களை நினைவில் வைப்பது என்று இசைத் திறனை அளக்கும் பழைய தேர்வு. 1944-இல் அமெரிக்காவில் கஞ்சாவைப் போன்று செயல்படும் செயற்கை மருந்தைக் கொடுத்து இந்தத் தேர்வை எழுத வைத்தார்கள். மதிப்பெண் கூடவில்லை. ஆனால் தேர்வு எழுதியவர்களில் பலர், இந்தத் தடவை பிரமாதமாகச் செய்தோம் என்று நம்பினார்கள். எண்பது வருடத்துக்கு முன்னால் யாரோ என் குறிப்பேட்டைப் படித்துவிட்டு நடத்திய சோதனை மாதிரி இருக்கிறது.

பிறகு என்னதான் மாறுகிறது? என் அனுபவத்தில், நேரம். ஐந்து நிமிடப் பாட்டுக்குள் ஒரு மதியம் முழுக்க இருப்பதுபோல இருக்கும். போதையில் இருப்பவரிடம் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டால் உண்மையில் ஆனதை விட அதிகமாகவே சொல்வார் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. உள்ளே ஓடும் கடிகாரம் வேகமாகிவிடுகிறது, அதனால் வெளியே எல்லாம் மெதுவாகத் தெரிகிறது. இரண்டு தட்டலுக்கு நடுவே இடம் உண்டாகிறது. அந்த இடத்தில் நின்று பார்க்க அவகாசம் கிடைக்கிறது. 1971-இல் உளவியலாளர் சார்ல்ஸ் டார்ட், பழக்கப்பட்ட 150 பேரிடம் நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்து எழுதி வாங்கினார். ஒலியின் நுண்ணிய மாற்றங்கள் கேட்பது, தாளம் எடுப்பாகத் தெரிவது, வாத்தியங்களுக்கு நடுவே இடைவெளி விரிவது ஆகியவை அவர்கள் அடிக்கடி சொன்ன அனுபவங்கள்.

மாறுவது இன்னொன்றும் உண்டு, அது நினைவு. கஞ்சாவின் முக்கியப் பொருளான டிஎச்சியை இஸ்ரேலிய வேதியியலாளர்கள் ரஃபாயேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் 1964-இல் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில்தான் நியூயார்க் ஓட்டல் அறையில் பாடகர் பாப் டிலன் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வருக்கும் கஞ்சாவைப் பழக்கியது. ஆய்வகமும் ஓட்டல் அறையும் ஒன்றை ஒன்று அறியாமல் ஒரே விஷயத்தில் மும்முரமாக இருந்திருக்கின்றன. டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் சிபி1 என்ற ஏற்பிகள் மூளையில் பல இடங்களில் இருக்கின்றன. புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸில் அவை அடர்த்தியாகவே உண்டு. இந்த ஏற்பிகளுக்காக உடம்பு தானே சுரக்கும் பொருளை 1992-இல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்ம ஆனந்தம்தான். ஆனந்தம் வந்து உட்காரும் நாற்காலியில் டிஎச்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது, நினைவு எழுதுகிறவன் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான்.

இந்த இரண்டும் சேர்ந்தால் கேட்பதற்கு என்ன ஆகிறது என்பதைப் பார்க்க, போனில் நான் வைத்திருந்த பிளேலிஸ்டுக்குப் போக வேண்டும். பெயர் ‘தங்கம்’. இரவில் புதிதாகக் கண்டுபிடித்தவற்றை மட்டும் சேர்க்கும் பட்டியல். 63 பாட்டு இருந்தது. நிறுத்திய பிறகு ஒரு வார இறுதியில், எதையும் நடுவில் தாண்டுவதில்லை என்று முடிவு செய்து வரிசையாக முழுவதும் கேட்டேன்.

ஒன்பது தேறின.

மற்ற 54-உம் மோசம் என்று சொல்ல மாட்டேன். பிரச்சினை வேறு. எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மெதுவான தாளம், கனமான பேஸ், எதிரொலி, எதிரொலியின் எதிரொலி, ஏழு நிமிடத்துக்குக் குறையாத நீளம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியதே சில இடங்களில் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பாட்டு இரண்டு தடவை இருந்தது. அதாவது ஒரே பாட்டை வெவ்வேறு இரவுகளில் இரண்டு முறை ‘கண்டுபிடித்து’, இரண்டு முறையும் தங்கம் என்று முத்திரை குத்தி உள்ளே போட்டிருக்கிறேன். கண்டுபிடிப்புக்கு இதைவிடக் கேவலமான சான்று வேண்டாம்.

ஏன் எல்லாம் ஒரே மாதிரி என்று யோசித்தேன். இசையில் வரும் சுகத்துக்கு இரண்டு கட்டம் உண்டு. 2011-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள், பாட்டில் புல்லரிக்கும் இடம் வரும்போது மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட டோபமைன் என்ற ரசாயனம் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கும்போதும், மூளையின் இன்னொரு பகுதியில் அது சுரப்பதைக் கண்டார்கள். வரவு ஒன்று, வரவுக்கான காத்திருப்பு ஒன்று. காத்திருக்க வேண்டுமென்றால் இதுவரை வந்தது நினைவில் இருக்க வேண்டும். பல்லவி எப்படிப் போயிற்று என்று தெரிந்தால்தான் மூன்றாம் முறை அது வளையும்போது வளைவு தெரியும். கஞ்சா அந்த நூலைத்தான் அறுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு நொடியும் பிரம்மாண்டமாகிறது, ஆனால் முந்தைய நொடியோடு அதற்கு உறவு இல்லை. அதனால் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பும் இசை என் பட்டியலில் இடம் பிடிக்கவே இல்லை. தொட்டுப் பார்க்கச் சுகமாக இருக்கும் ஒலிகள் மட்டும் ஜெயித்தன. கட்டடத்தைப் பார்க்காமல் சுவரின் வழவழப்பைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வழவழப்பையே கலையாக்கியவர்களும் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஜமைக்காவில் 1970-களில் கிங் டப்பி என்ற மின்னணுப் பொறியாளர், பதிவான பாட்டிலிருந்து குரலைப் பிடுங்கிவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் நிறுத்தி, எதிரொலிக் கருவிகளில் அவற்றை விட்டுப் பிடித்து ‘டப்’ என்ற வடிவத்தை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவரானார். கஞ்சா புழங்கிய சூழலில் வளர்ந்த இசை அது. அதன் இடைவெளிகளுக்கும் விரிந்த நேரத்துக்கும் அவ்வளவு பொருத்தம். என் ஒன்பதில் இரண்டு அந்த வகைதான். ஆனால் டப் இசையைச் செய்தவர்கள் இடைவெளியைக் கணக்குப் போட்டு வைத்தார்கள். நான் பட்டியலில் சேர்த்த பாதிப் பேர் எதிரொலியைக் கூட்டி வைத்துவிட்டு எழுந்து போனவர்கள்.

இதில் பாட்டுச் செயலியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கு மேல் நான் எதைக் கேட்கிறேன் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மெதுவான, மங்கலான, நீளமான பாட்டுகளாகவே அடுக்கியது. எனக்கோ எல்லாம் தங்கமாகத் தெரிந்தது, அதனால் எல்லாவற்றுக்கும் இதயம் போட்டேன். போட்ட இதயத்தை நம்பி அது இன்னும் அடுக்கியது. உலகத்து இசையெல்லாம் கைக்குள் இருந்தும் ஒரு குறுகிய சந்துக்குள்ளேயே மூன்று வருடம் மேலும் கீழும் நடந்திருக்கிறேன். கண்டுபிடிப்புக்கு வேண்டாம் என்று சொல்லும் நாக்கு வேண்டும். அந்த நாக்கைத்தான் புகை முதலில் மரக்க வைக்கிறது.

இருந்தாலும் ஒன்றை எழுதாமல் போனால் பொய்யனாவேன். நீண்ட ஆலாபனை என்றால் அதற்கு முன்பெல்லாம் எனக்கு ஆகாது. தாளம் வரும் இடத்துக்கு விரலால் தள்ளிவிடுவேன். ஓர் இரவு தள்ள மறந்துவிட்டேன், அல்லது தள்ளக் கை நீளவில்லை. நாற்பது நிமிடம் ஒரு ராகத்தின் உள்ளே கிடந்தேன். ஒரு ஸ்வரத்தைத் தொட்டும் தொடாமலும் பாடகர் சுற்றிச் சுற்றி வருவதும், கடைசியில் போய் அதில் நிற்பதும், நின்ற இடத்தில் தம்புராவோடு குரல் கரைவதும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. அது தெளிந்த பிறகும் விளங்கிற்று. இன்றைக்கும் விளங்குகிறது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன்மேல் பிடிப்பு வந்துவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் காட்டினார். புது இசைக்கும் நமக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் அந்த முதல் சில நிமிடங்களின் எரிச்சல்தான். கஞ்சா எனக்குப் புதுக் காது எதையும் தரவில்லை. எழுந்து போகவிடாமல் உட்கார்த்தி வைத்தது. அவசரத்தைப் பிடுங்கிக்கொண்டது. அது தந்தது மொத்தமே அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சமில்லை.

அதற்கு விலையும் வாங்கிக்கொண்டது. நாலாவது வருடம் தெளிவாக இருக்கும்போது பாட்டே கேட்பதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன். ‘இதை இப்போது கேட்டு வீணாக்க வேண்டாம், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். ராத்திரியில் போட்டாலும் பழைய ஹை-ஹேட் விழவில்லை. 2018-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் காலத்தைப் பற்றியது போலவே எனக்குப் பட்டது. பதினாறு பேருக்குக் கஞ்சா கொடுத்து, ஸ்கேனருக்குள் படுக்க வைத்துப் பாட்டுப் போட்டார்கள். டிஎச்சி மட்டும் மிகுந்திருந்த கஞ்சாவில், பாட்டுக்கு மூளையின் இன்ப, உணர்ச்சிப் பகுதிகள் காட்டும் அசைவு மங்கிப்போனது. கன்னபிடியால் என்ற இன்னொரு பொருளும் சேர்ந்திருந்தபோது அந்த மங்கல் குறைந்தது. ஆனால் அதே ஆட்களிடம் கேட்டபோது, இன்னும் பாட்டு கேட்க வேண்டும்போல இருக்கிறது, ஒலி நன்றாக இருக்கிறது என்றார்கள். பதினாறு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்கேனரின் கடகட சத்தத்துக்குள் கேட்கும் பாட்டும் ஒரு பாட்டா என்றும் கேட்கலாம். ஆனாலும் பசி கூடி ருசி செத்துப்போன அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் இரண்டு வருடம் குடியிருந்தேன்.

நிறுத்த வைத்தது இசை இல்லை. ஓர் இரவு நெஞ்சு படபடக்கத் தொடங்கி, ஹெட்போனில் பாடிக்கொண்டிருந்த பெண் என்னைத்தான் திட்டுகிறாள் என்று நிச்சயமாக நம்பினேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் நம்பினேன். விடியும்வரை விளக்கை அணைக்கவில்லை. அவ்வளவு போதும்.

நிறுத்திய முதல் வாரங்களில் எல்லாப் பாட்டும் சக்கை. இளையராஜாவின் பேஸ் இருந்த இடத்தில் இருந்தது, எனக்குத்தான் அங்கே போகப் பிடிக்கவில்லை. காது போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று பயந்தேன். தினமும் இழுப்பவர்களின் மூளைப் புறணியில் சிபி1 ஏற்பிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருப்பதையும், நிறுத்தி நான்கு வாரம் போல ஆனதும் அவை பழைய அளவுக்குத் திரும்புவதையும் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்கு நாலு வாரத்தில் வரவில்லை, இரண்டு மாதம் ஆயிற்று. பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் போன் ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டு வைத்தார். எரிச்சலோடு திரும்பியவன், தாளத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு கஞ்சிராவைக் கேட்டுவிட்டு எரிச்சலை மறந்துபோனேன்.

இப்போது நான் செய்வது எளிது. வாரத்தில் ஓர் இரவு போனை வேறு அறையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, ஒரே ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். முதல் பத்து நிமிடம் கை போனைத் தேடும். நாளைய வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். அதைத் தாண்டினால் இடைவெளி திறக்கிறது. முன்பு இருந்த அளவுக்கு அகலம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரிகிறது. பேஸைப் பின்தொடர முடிகிறது, ஒரு சுற்று பேஸ், ஒரு சுற்று டிரம்ஸ், ஒரு சுற்று குரல் என்று பழக்கிக்கொண்டேன். பிடிக்காததை மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் விடுகிறேன். பிடிக்காதது நிறைய இருக்கிறது, அதுவே பெரிய நிம்மதி.

போன வாரம் அப்படித்தான், தேறிய ஒன்பதில் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். தொடக்கத்திலிருந்தே குரல் தூரத்தில் கேட்கும் பாட்டு அது. பெரிய காலி மண்டபத்தின் மறுகோடியில் நின்று பாடுவதுபோல, சொல்லின் வால் எல்லாம் கரைந்து கரைந்து போகும். நடுவில் ஒரு வரி தொடங்கும்போது எதிரொலி பட்டென்று நிற்கிறது. மண்டபம் மறைந்துவிடுகிறது. அந்த ஆள் என் காதுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறார், உதடு பிரியும் சத்தம்கூடக் கேட்கிறது. யாரோ இத்தனை நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தது மாதிரி.

எழுந்து பக்கத்து அறைக்குப் போய் போனை எடுத்து, அந்த இடத்துக்குப் பாட்டைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தேன். 2:14.

குறிப்பைத் திறந்து அந்த வரிக்குப் பக்கத்தில் பாட்டின் பெயரை எழுதி வைத்தேன்.